தெளிந்த இரவு விட்டுச்செல்லும் ஆபத்து

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கர்க் மலைத்தொடரின் உட்பகுதிகளில் பனிச்சறுக்கு லாட்ஜ்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் சாலை கிடையாது; பெரும்பாலும் ஹெலிகாப்டரில் போய் இறங்க வேண்டும். மேலே இழுத்துச் செல்ல லிஃப்ட்டும் இல்லை. சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு கால்நடையாக ஏறி, பிறகு சறுக்கி இறங்குவார்கள்.

காலையில் விருந்தினர்கள் எழுவதற்குள் வழிகாட்டி வெளியே போய்விடுவார். திறந்த வெளியில் வைத்த வெள்ளைப் பலகையில் இரவு எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்திருக்கிறது என்று அளவுகோலை நட்டுப் பார்ப்பார். குறித்துக்கொண்டு பலகையைத் துடைத்துவிடுவார். இரவின் வெப்பநிலை, காற்றின் திசை, காற்றழுத்தம் எல்லாம் நோட்டில் ஏறும். விருந்தினர்களுக்குப் புதுப்பனியின் கணக்கு போதும். வழிகாட்டியின் கவலையோ அந்தப் பனி எதன்மேல் விழுந்தது என்பதில்தான்.

மேகமே இல்லாத, காற்று அசையாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி திரவமாகாமல் நேரே படிகமாகி அதன்மேல் படிகிறது. உதகைப் புல்வெளிகளில் மார்கழி, தை விடியலில் வெளுத்துக் கிடக்கும் உறைபனிக்கும் இதே இயற்பியல்தான். உதகையில் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். செல்கர்க்கின் நிழல் சரிவுகளில் கரையாது. இரவுக்கு இரவு வளர்ந்து, சிறகு சிறகாக ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த பனிப்புயல் அதை அப்படியே புதைத்துவிடும்.

புதைந்த பின்னும் அது பல வாரம் சாகாது. மேலிருந்து அழுத்தும் எடையை அந்தப் படிகங்கள் ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் இழுபட்டால் சாய்ந்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒரே ஓர் ஆளின் எடை போதும், ஓரிடத்தில் முறிவு தொடங்கிச் சரிவு முழுக்க ஓடிவிடும். மேலே இறுகிய பனி பாளமாகப் பெயர்ந்து வரும். இத்தகைய அடுக்குகளை, அவை புதைந்த தேதியைச் சொல்லியே வழிகாட்டிகள் குறிப்பிடுகிறார்கள். டிசம்பரில் புதைந்த அடுக்கைப் பற்றி பிப்ரவரியிலும் பேச்சு நடக்கும்.

அடுக்கின் பலத்தைச் சோதிக்கச் சரிவில் குழி வெட்டி, 30 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட பனித்தூண் ஒன்றைத் தனியே பிரிக்கிறார்கள். அதன் தலையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் முறிகிறது என்பதோடு, எப்படி முறிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேல்பாகம் வழவழவென்று ஒரே தளமாக நழுவி முன்னால் வந்தால், அந்தச் சரிவை விட்டுவிடுவதே நல்லது.

இந்த மலைகள் வாங்கிய உயிர்கள் கொஞ்சமல்ல. 1910 மார்ச் 4 அன்று ரோஜர்ஸ் கணவாயில், முன்பு சரிந்த பனியை ரயில் பாதையிலிருந்து அகற்றிக்கொண்டிருந்தவர்கள்மீது எதிர்ப்புற மலையிலிருந்து இன்னொரு சரிவு விழுந்து 58 பேர் மாண்டார்கள். 2003இல் ஜனவரி 20 அன்று 7 சறுக்கு வீரர்கள். பிப்ரவரி 1 அன்று பள்ளி மாணவர்கள் 7 பேர். அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வழங்கத் தேசிய மையம் அமைந்தது.

எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பெரிதாகப் படுவது கருவிகள் அல்ல, தகவல் பகிர்வு. 1991 முதல் கனடாவின் வழிகாட்டிகள் தாங்கள் கண்டதை மாலைதோறும் ஒரு பொதுப் பதிவில் சேர்க்கிறார்கள். தொழில் போட்டியாளர்களும் அதில் அடக்கம். ஒரு பள்ளத்தாக்கில் தூண் முறிந்த செய்தி வழிகாட்டிகளின் மறுநாள் காலைக் கூட்டத்துக்குள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுகிறது. அந்தக் கூட்டத்தில் அன்றைக்குப் போகக்கூடிய சரிவுகளை ஒவ்வொன்றாகப் பேசி முடிவுசெய்கிறார்கள். பல இடங்களில் ஒரே ஒரு வழிகாட்டி வேண்டாம் என்றாலும் போதும், அந்தச் சரிவு அன்று மூடப்படும். எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி.