ஏறுவது பாதி, இறங்குவது மீதி

பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலா கங்சார், பேராக் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. நகரின் இருபுறமும் மலைகள் சூழ்ந்துள்ளன. மேற்கே பிந்தாங் மலைத்தொடர். அதில் குனோங் புபு ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் உள்ள குனோங் கொர்பு 2,183 மீட்டர் உயரத்துடன் தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது உயர்ந்த சிகரமாக விளங்குகிறது. ஈப்போவை அடுத்துள்ள புக்கிட் கிளேடாங்கிலும் தைப்பிங்கின் புக்கிட் லாருட்டிலும் காலை வேளையில் நடப்போரில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள் பலர். அவர்களுள் சிலர் நடப்பதோடு நிற்பதில்லை. மலைப்பாதையில் ஓடவும் செய்கின்றனர்.

‘இந்த வயதில் இது தேவையா?’ என்று வீட்டார் கேட்பதுண்டு. அது அன்பினால் எழும் கேள்விதான். ஆனால், விடை ஒரே சொல்லில் அமைவதில்லை. வயது ஏறும்போது உடல் எதை இழக்கிறது, எதைக் காத்துக்கொள்ளலாம், மலை எங்கே ஆபத்தாகிறது என்பவற்றை அறிந்த பிறகே விடை கூற முடியும்.

மலைச்சரிவில் நடப்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டில் கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. நாட்டின் மிகப் பழைமையான ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் இந்நகரில் பேணப்படுகிறது. பின்னர்ப் பேராக்கின் குன்றுகளெங்கும் தோட்டங்கள் பரவின. பால்மரம் வெட்டியோர் விடியும் முன்பே எழுந்து, மேடும் பள்ளமுமான நிரைகளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவினர். பின்னர், பால் நிறைந்த வாளிகளைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கினர். ஒரு துளியும் சிந்தாமல் இறங்க, காலை ஊன்றும் இடத்தைப் பார்த்து ஊன்ற வேண்டும். அன்று வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அந்த நடை, உடலுக்கு ஓயாத பயிற்சியாகவும் இருந்தது. அதே வேலை உடலைத் தேய்க்கவும் செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று பலரின் வாழ்வில் அந்த நடை இல்லை. அதனால், மலைக்குச் செல்ல விரும்பும் மூத்தோர் அப்பழக்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது.

முப்பது வயதிற்குப் பிறகு தசையின் அளவு மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதைக் கடந்தபின் இக்குறைவு வேகமெடுக்கிறது. கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவும் குறைகிறது. பயிற்சி இல்லாதவர்களிடம் இந்த அளவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். தொடர்ந்து பயிற்சி செய்வோரிடம் இழப்பு ஏறக்குறைய அதில் பாதியாக இருக்கும். உடலைச் சமநிலையில் நிறுத்தும் ஆற்றலும் தளர்கிறது. இவற்றோடு, தாகம் எடுக்கும் உணர்வும் மங்குகிறது. ஆதலால், மூத்தோர் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், சிறிது நேரத்திற்கு ஒருமுறை நீர் அருந்துவது நல்லது.

இழந்தது இழந்ததுதான் என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இந்த ஆய்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்குச் செவிசாய்க்கிறது என்றால், அறுபது வயதினர் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை.

ஆனால், எந்தப் பயிற்சி வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகின்றனர். மலை என்றவுடன் ஏற்றமே நினைவுக்கு வருகிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. உடல் தன் சிரமத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால், ஏறுபவர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். இறக்கம் அப்படியன்று. மூச்சு சீராக இருக்கும். கால்கள் தாமாக விரையும். ‘இனிமேல் கவலை இல்லை’ என்று மனமும் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் தசைகளும் மூட்டுகளும் பெரும் சுமையைத் தாங்குகின்றன.

இதற்குக் காரணம் தசை வேலை செய்யும் முறையாகும். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் எடையை இழுத்துப் பிடிக்கிறது. வண்டிக்குப் பிரேக் எப்படியோ, இறக்கத்தில் உடலுக்குத் தொடைத்தசை அப்படி. நீளும் நிலையில் சுமை தாங்கும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மலையிலிருந்து திரும்பிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படியில் இறங்கக் கால்கள் மறுப்பது இதனால்தான். களைத்த தசையால் உடலைச் சரியாகப் பிடித்து நிறுத்த முடியாது. முழங்கால் தள்ளாடும், ஈரமான வேரிலோ பாறையிலோ கால் வழுக்கும். இளைஞர் ஒருவர் விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு எழுந்துவிடுவார். எலும்பு வலுவிழந்த மூத்தவருக்கு அதே வீழ்ச்சி எலும்பு முறிவில் முடியலாம்.

நல்ல வேளையாக, இறங்கும் திறனும் பழகப் பழக வளர்கிறது. ஒருமுறை சிறிய அளவில் இறக்கப் பயிற்சி செய்த தசை, அடுத்த முறை அதே சுமைக்குக் குறைவாகவே சிதைகிறது; வலியும் குறைகிறது. எனவே, பெரிய மலைக்குச் செல்வதற்குப் பல வாரங்களுக்கு முன்பே படிக்கட்டிலும் சிறு குன்றிலும் மெதுவாக இறங்கிப் பழகலாம். எட்டுகளைச் சிறியதாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி இறங்கினால் அதிர்ச்சி குறையும். இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்தால் முழங்காலின் சுமையில் ஒரு பங்கைக் கைகளும் தோள்களும் ஏற்றுக்கொள்ளும். ஊன்றுகோல் முதுமையின் அடையாளமன்று. இளம் மலையோட்டக்காரர்களும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

மூத்தோரின் மலையோட்டத்திற்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள ஏரி மாவட்டம். அங்கு மரங்களற்ற உயர்ந்த குன்றுகளை ‘ஃபெல்’ என்று அழைக்கின்றனர். அக்குன்றுகளில் ஏறி இறங்கி ஓடுவது அவ்வட்டாரத்தின் மரபு விளையாட்டு. குளிர்காலத்திலும் அது நிற்பதில்லை. திசம்பர் மாதத்தில் அங்குச் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பனியும் மூடுபனியும் பாதையை மறைக்கும். அதனால், மழையங்கி, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, ஊதல், அவசர உணவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு ஓடுவது அவ்விளையாட்டின் ஒழுங்காக உள்ளது.

அந்த மண்ணில் பிறந்து ஆடு வளர்த்து வாழ்ந்தவர் ஜாஸ் நெய்லர். 1936இல் பிறந்த இவர், சிறு வயதில் முதுகில் அடிபட்டு நெடுங்காலம் துன்புற்றவர். இருப்பினும், ஐம்பது வயதில், 1986ஆம் ஆண்டு, ஏரி மாவட்டத்தின் 214 குன்றுகளை ஏழு நாளும் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் செலவிட்டு ஓடி முடித்தார். அறுபது வயதில் 60 சிகரங்களை 36 மணி நேரத்திலும், எழுபது வயதில் 70 சிகரங்களை 21 மணி நேரத்திற்குள்ளும் கடந்தார். இவர் 2024இல் மறைந்தார். ஆடுகளின் பின்னால் நாள்தோறும் ஏறி இறங்கிய வாழ்க்கையே இவரது பயிற்சிக்களமாக இருந்தது.

நெய்லர் விட்டுச் சென்றவற்றுள் அவர் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்காகவே வகுத்த நெடும்பாதையும் ஒன்று. ஏறத்தாழ 77 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 30 சிகரங்களைத் தொட்டுச் செல்கிறது. ஐம்பது முதல் ஐம்பத்து நான்கு வயது வரையுள்ள ஆண்கள் அதை 12 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அறுபது வயதைத் தொட்டவர்களுக்கு 18 மணி நேரமும், அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு 24 மணி நேரமும் வழங்கப்படுகின்றன. பாதை எல்லாருக்கும் ஒன்றுதான். கால அளவு மட்டும் வயதிற்கு ஏற்ப மாறுகிறது. மூத்த வீரர் இருபது வயதினரோடு போட்டியிடத் தேவையில்லை. தம் வயதுக்குரிய அளவுகோலோடு போட்டியிட்டால் போதும் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆயினும், குளிர் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உயரம் நூறு மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறைகிறது. கோலா கங்சாரில் இரவு வெப்பநிலை 24 பாகையாக இருந்தால், குனோங் புபுவின் உச்சியில் அது 14 பாகைக்கு அருகில் இருக்கும். அதோடு மழையும் சேரும். தீபகற்பத்திலேயே மிகுந்த மழை பெறும் நகரங்களுள் தைப்பிங்கும் ஒன்று. அதன் மலைப்பகுதியில் மழை இன்னும் அதிகம். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும். நனைந்த உடையோடு காற்று வீசும் முகட்டில் நெடுநேரம் நிற்பவரின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழலாம். முதுமையில் உடல் வெப்பத்தைக் காக்கும் திறன் குறைவதால், மழையங்கியும் மாற்று உடையும் மூத்தோருக்கு இன்றியமையாதவை. நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை ஆகியவை தோன்றினால் பயணத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். நனைந்த உடையை மாற்றி, உடலைச் சூடாக வைத்து, உதவியை நாட வேண்டும்.

மலையில் நேரத்தைக் கணக்கிடுவதும் ஒரு கலை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் எளிய விதியொன்றை வகுத்தார். அவர் கணக்கின்படி ஐந்து கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரத்தைச் சேர்க்க வேண்டும். இதன்படி, ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டர் ஏறுவதற்கு இரண்டரை மணி நேரம் தேவை. இது நல்ல உடல்வலிமை உள்ளவர் நல்ல பாதையில் நடப்பதற்கான கணக்கு. வேரும் சேறும் நிறைந்த நம் காட்டுப் பாதையில் மூத்தோர் இதைவிடக் கூடுதலான நேரத்தை ஒதுக்க வேண்டும். இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகலாம்.

அனுபவமுள்ளவர்கள் புறப்படும் முன்பே ‘திரும்பும் நேரம்’ ஒன்றை முடிவு செய்துவிடுகின்றனர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தால், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நம் நாட்டில் சூரியன் மாலை ஏழு மணி அளவில் மறைந்தாலும், அடர்ந்த காட்டுக்குள் இருள் அதற்கு முன்பே கவிந்துவிடும். களைத்த கால், வழுக்கும் பாதை, மங்கிய வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர இடம் கொடுக்கக் கூடாது. மலை எங்கும் ஓடிவிடாது. அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

வேறு சில முன்னேற்பாடுகளும் உள்ளன. மலைப் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றை ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கக் கூடாது. பயிற்சியின்போது அருகில் நடப்பவரோடு பேச முடிகிறதா என்று பார்க்கலாம். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம். காப்புக்காடுகளில் உள்ள சிகரங்களுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் தேவை. எந்த வழியாகச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். தனியே செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், மலேசியத் தமிழர்களான மகேந்திரன் முனுசாமியும் மோகன்தாஸ் நாகப்பனும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தனர். அச்சிகரத்தை அடைந்த முதல் மலேசியர்கள் அவர்களே. உச்சியில் நின்ற படத்தை நாடே போற்றியது. ஆனால், உலகின் மிக உயரமான இடத்தில் நின்றவர்களுக்கும் அங்கிருந்து பாதுகாப்பாக இறங்க வேண்டிய வழி எஞ்சியிருந்தது. எவரெஸ்ட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை புக்கிட் கிளேடாங்கிற்கும் பொருந்தும்.

ஆகவே, ‘இந்த வயதில் இது தேவையா?’ என்று கேட்பதைவிட, ‘இறங்கி வருவதற்கு வலிமையும் நேரமும் மீதம் உள்ளனவா?’ என்று கேட்பதே பொருத்தம். அவ்விரண்டையும் மீதம் வைத்துக்கொள்ளும் மூத்தவருக்கு மலை நல்ல துணையாகும். தாத்தாவோ பாட்டியோ மலைக்குப் புறப்படும்போது அவர்களைத் தடுப்பதைவிட, உடன் செல்வது நன்று. ஏறும்போது அவர்கள் வேகத்திற்கு நடந்து, இறங்கும்போது அவர்களுக்கு ஓரடி முன்னே சென்று, வழுக்கும் இடத்தில் ஒரு கை கொடுப்பது இளையோரால் இயன்ற உதவியாகும்.