படகில் ஏறும் செல்ல நாய்... வார்னிஷ் பத்திரம்!

கனடாவிலும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் ‘கனூ’ என்ற துடுப்புப் படகை சிடார் மரத்தில் செய்து வைத்திருப்பவர்கள் இன்னமும் உண்டு. உள்ளே வழவழவென வார்னிஷ். ஏரிக்குக் கிளம்பினால், ‘நானும் வர்றேன்’னு நாயும் தாவி ஏறிவிடும். அங்கேதான் சிக்கல்!

கால் வழுக்கியதும் நாய் நகத்தை ஊன்றும். கீறலில் தண்ணீர் இறங்கினால் மரம் கறுத்து, நாளடைவில் மக்கிவிடும். ஆக, வழுக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது. முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். யோகா மேட் மாதிரி ஃபோம் விரிப்பைப் படகின் நடுவில் போடுங்கள். படகு தரைதட்டி நிற்கும்போது ஏற்றாதீர்கள். பாரத்தில் அடிப்பகுதி கல்லில் உரசும். மிதக்கவிட்டு, பாதத்து மணலைக் கழுவி ஏற்றுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். ‘அதான் விரிப்பு இருக்கே’ என்று அப்படியே விட்டால், அடியில் சிக்கிய மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஈரம் தங்கி வார்னிஷ் வெளுத்துவிடும். கரையேறியதும் விரிப்பை எடுத்துக் காயவைத்து, படகைத் துடைத்துவிடுங்கள்.

முக்கியமாக, நாய்க்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். நகரக் கூடாதென்று படகோடு கட்டிவிடாதீர்கள். கவிழ்ந்தால் நீந்தித் தப்பிக்க முடியாது. கீறல் விழுந்தால் மறுபடி வார்னிஷ் அடிச்சுக்கலாம், நாய்க்கு அப்படியில்லை!