இரசாயனப் பசளையும் நிலத்தின் காபன், நைதரசன் இருப்பும்

நிலத்தின் வளத்தை அதன் விளைச்சலைக் கொண்டே மதிப்பிடுதல் உலகெங்கணும் உள்ள வழக்கம். நன்கு விளையும் வயல் வளமான வயல் என்பதிற் பிழை யாதுமில்லை என்றே தோன்றும். ஆயினும், ஒரே அளவு விளைவைத் தந்த இரு பாத்திகள் மண்ணின் தன்மையிற் பெரிதும் வேறுபடக்கூடும் என்பதை இங்கிலாந்திலுள்ள ஒரு வயல் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டி வருகின்றது.

ஹேட்போட்ஷயரிலுள்ள றொதாம்ஸ்ரெட் பண்ணையின் உரிமையாளர் ஜோன் பென்னற் லோஸ் என்பார். அவர் 1842இல் சுப்பர்பொசுபேற்றுச் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றவர். பசளை விற்றுப் பொருளீட்டியவர். அவரும் இரசாயன அறிஞரான ஜோசப் ஹென்றி கில்பேட்டும் புறோட்போக் என்னும் வயலில் 1843ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் கோதுமை விதைத்தனர். பயிருக்கு வேண்டிய நைதரசனை வளியே போதியவளவு தந்துவிடும் என்று ஜேர்மன் அறிஞர் லீபிக் கொண்ட கருத்தைச் சோதிப்பதும் அவர்தம் ஆய்வுகளின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. வயலின் ஒரு பாத்திக்கு எதுவும் இடப்படவில்லை. இன்னொன்றுக்கு ஆண்டுதோறும் எக்டேயருக்கு 35 தொன் மாட்டெரு இடப்பட்டது. வேறு சில பாத்திகள் பொசுபரசு, பொற்றாசியம் முதலியவற்றுடன் பல்வேறு அளவில் நைதரசன் உப்புக்களைப் பெற்றன.

லீபிக்கின் கருத்துப் பொய்த்தது. நைதரசன் பெறாத பாத்திகள் மெலிந்தன. எருப் பாத்தியும், நைதரசன் நிறையப் பெற்ற இரசாயனப் பாத்தியும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய ஒத்த விளைவைத் தந்தன. பசளை வணிகர் மகிழ்வதற்கு இது போதுமாயிருந்தது. ஆனால் காலந்தோறும் மண்ணை எடுத்துப் போத்தல்களில் அடைத்துப் பாதுகாக்கும் வழக்கத்தையும் அவ்விருவர் தொடக்கி வைத்தனர். அவர்கள் செய்தவற்றுள் மிக மேலானது இதுவே எனலாம். அவர்கள் கருதியிராத வினாக்களுக்கும் இன்று அப்போத்தல்கள் விடை கூறுகின்றன.

எதுவும் இடாத பாத்தியின் மேல்மண்ணிற் காபன் நூற்றுக்கு ஒரு பங்களவிலேயே நின்றது. இரசாயனப் பாத்தியில் அது சற்றே கூடுதல். பயிர் செழித்தமையால் வேரும் தாளடியும் மிகுதியாய் மண்ணிற் சேர்ந்ததே அதன் காரணம். எருப் பாத்தியிலோ காபன் ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. அவ்வுயர்வும் முதற் சில பத்தாண்டுகளில் விரைவாகவும், பின்னர் மெல்ல மெல்லவும் நிகழ்ந்து, இப்போது ஒரு சமநிலையை அணுகியுள்ளது.

நைதரசனும் இதே வழியிற் சென்றது. மண்ணின் உக்கற் பொருளிற் பத்துப் பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் என்னும் விகிதம் பெரும்பாலும் அமைந்திருக்கும். எனவே காபன் துணையின்றி நைதரசனை மட்டும் மண்ணிற் சேமித்து வைத்தல் இயலாது. உப்பாக இட்ட நைதரசனிற் பயிர் கொள்ளாத பகுதி நைத்திரேற்றாகி மழைநீரோடு கீழிறங்கும். அல்லது வாயுவாகிப் போகும். ஒவ்வொரு பாத்தியின் நடுவேயும் 1849இற் பதிக்கப்பட்ட வடிகாற் குழாய்களின் நீரைப் பகுத்தாய்ந்தே இவ்விழப்பை அறிந்தனர்.

ஆயினும், எருவின் பக்கம் மட்டுமே நின்று பேசுவோர்க்கு அவ்வடிகால் வேறொன்றையும் கூறும். பிற்கால அளவீடுகளில் எருப் பாத்தியிலிருந்து வெளியேறிய நைத்திரேற்று இரசாயனப் பாத்தியினதைக் காட்டிலும் மிகுதியாயிருந்தது. அந்த எருவில் எக்டேயருக்கு 200 கிலோகிராமுக்கு மேல் நைதரசன் உண்டு. செறிந்த உக்கலை நுண்ணுயிர்கள் சிதைக்கும் வேலை பயிரின் தேவையை நோக்கி நடப்பதன்று. வயலிற் பயிர் சிறிதாயிருக்கும் இலையுதிர் காலத்திலும் அது நடக்கின்றது. அன்றியும், 35 தொன் எரு அந்நிலத்தில் விளைந்ததன்று. வேறு வயல்களின் வைக்கோலும் புல்லும் அதிற் சேர்ந்துள்ளன. ஆகவே அங்கு கூடிய காபனிற் பெரும்பகுதி இடம்மாறி வந்த காபனேயாம்.

அப்படியாயின் இரசாயனப் பசளை மண்ணிலுள்ள காபனை அழிக்கின்றதா? அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1876இற் தொடங்கிய மொறோப் பாத்திகளை ஆராய்ந்த அறிஞர் சிலர், நைதரசன் பசளை காபனைக் குறைக்கின்றதென 2007இல் எழுதினர்; பிறர் அதனை மறுத்தனர். இவ்வழக்கில் தொடக்க நிலையை மறத்தலாகாது. இலினோய் மண் புல்வெளி உருவாக்கிய காபன் செறிந்த மண். உழத் தொடங்கிய பின் அது குறைந்தே தீரும். பசளை அக்குறைவைத் தடுத்ததா, விரைவுபடுத்தியதா என்பதே வாதம். புறோட்போக்கோ பன்னூறாண்டு உழப்பட்டு, முன்னரே வறியதாயிருந்த நிலம். இழப்பதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. மேலும், முற்காலத்தில் இட்ட சுண்ணக்கல் அமோனியம் உப்புக்களின் அமிலத்தைத் தாங்கிக்கொண்டது. அத்துணை சுண்ணமில்லாத அயலிலுள்ள பாக் கிறாஸ் புற்றரையில் அவ்வுப்புக்கள் மண்ணைக் கடும் அமிலமாக்கின. அங்கே சிதையாத புல் மேற்பரப்பிற் பாய்போற் படிந்தது. இவ்வாறு தேங்கிய காபனை வளமென்று எவரும் கொள்ளார். வெப்ப நாடுகளிலோ உக்கல் விரைந்து சிதையுமாதலால், ஆங்கில வயலின் எண்களை அங்கே அப்படியே பொருத்துதலும் தகாது.

றொதாம்ஸ்ரெட்டின் ஹூஸ்பீல்ட் வயலில் 1852இற் பார்லி விதைத்து ஒரு பாத்திக்கு 1871 வரை மட்டும் எருவிட்டனர். பின்னர் அதற்கு எதுவும் இடவில்லை. இருபதாண்டு எருவினாற் சேர்ந்த காபனும் நைதரசனும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாய்க் கரைந்தன. ஆயினும் நூறாண்டு கடந்த பின்னரும் எருவே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அங்கு அவை மிகுந்திருந்தன.