பனிக்காலத்துக்கு எந்தக் கோட்டு?

மார்கழி, தை விடியலில் உத்தமபாளையம் திராட்சைப் பந்தலுக்குள் போனால் சட்டை பனியில் நனைந்துவிடும். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களுக்குக் குளிர் இன்னும் அதிகம்.

பாலியஸ்டர் ஜெர்க்கின் விலை குறைவுதான். ஆனால் பந்தல் கம்பியில் மாட்டினால் கிழியும், தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி மட்டும் போட்டால், நனைஞ்ச பிறகு குளிரைத் தடுக்காது. ஆட்டுக் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதம் ஈரத்தை உறிஞ்சினாலும் கதகதப்பா இருக்கும். அதனால் உள்ளே கம்பளி, மேலே கெட்டியான காக்கிக் கோட்டு.

வாங்கும்போது கவாத்துக்குத் தூக்குற மாதிரி கையைத் தூக்கிப் பாருங்க. அக்குள் பிடிக்கக் கூடாது, இரட்டைத் தையல் வேணும்.

வங்கியில் இருந்தவன் கணக்கு இது: 400 ரூபாய்க் கோட்டு ஒரு பனிக்காலம் வந்தால் வருசச் செலவு 400. 1,200 ரூபாய்க் கோட்டு ஆறு பனிக்காலம் உழைத்தால் 200 தான். நைந்த கம்பளியை மட்கு குழியில் போடலாம், தழைச்சத்து மண்ணுக்குச் சேரும்.

நம்ம தோட்டத்துக்கு வேலைக்கு வர்றவங்களுக்கும் இதையே வாங்கிக் கொடுங்க.