ஆசிரியராயிருந்த சேனாதிபதி

இருபதாம் நூற்றாண்டிற் பெயர்பெற்ற சேனாதிபதிகளுட் பெரும்பாலோர் இராணுவக் கல்லூரிகளிற் பயின்றவர். வியட்நாமியச் சேனாதிபதி வோ நுயென் ஜியாப் அத்தகையவரல்லர். 1911ஆம் ஆண்டு குவாங் பின் மாகாணத்திற் பிறந்த அவர், ஹுவே நகரத் தேசியக் கல்லூரியிலிருந்து மாணவர் கிளர்ச்சி காரணமாக விலக்கப்பட்டார். பின்னர் ஹனோயிற் சட்டப் பட்டம் பெற்று, தாங் லோங் என்னுந் தனியார் பாடசாலையில் வரலாறு போதித்தார். நெப்போலியனுடைய போர்களை அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கிய திறம் மாணவர் நினைவில் நெடுங்காலம் நின்றதென்பர்.

1940இற் சீனாவுக்குச் சென்று ஹோ சி மின்னைச் சந்தித்தார். பிரிந்து வந்த மனைவியை மீளக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை; பிரெஞ்சியர் சிறையில் அவ்வம்மையார் மாண்டார். 1944 டிசெம்பர் 22இல் 34 பேர் கொண்ட சிறு படையொன்றை ஜியாப் அமைத்தார். பிற்கால வியட்நாமியச் சேனையின் வித்து அதுவே.

அவர் தோல்வியறியாதவர் என எண்ணுதல் தவறு. 1951இற் செந்நதிச் சமவெளியில், திறந்த வெளியிற் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் பேரிழப்புற்றார். இத்தோல்வியின் பயன் 1954இற் புலனாயிற்று. தியன் பியன் பூ பள்ளத்தாக்கிற் பிரெஞ்சியர் அரண் அமைத்திருந்தனர். விரைந்து தாக்கி விரைந்து வெல்வதென ஜனவரி மாதத் தாக்குதலுக்கு யாவும் ஆயத்தமாயின. சீன ஆலோசகரும் அதற்கு இசைந்திருந்தனர். ஜியாப்பின் உள்ளம் மட்டும் இசையவில்லை. இத்துணைப் பெரிய அரணை அவர் படை முன்னர்த் தாக்கியதில்லை. பீரங்கியும் காலாளும் இணைந்து பொருதும் பயிற்சி போதாது. பட்டப்பகலிற் சமவெளியிற் போர்புரியும் பழக்கமுமில்லை. உறக்கமற்ற இரவொன்றின்பின், நெற்றியில் மருத்துவர் கட்டிய மூலிகையோடு, ஜனவரி 26இல் அவர் தாக்குதலை நிறுத்தினார். மலைகளின்மேற் பெரும்பாடுபட்டு இழுத்தேற்றிய பீரங்கிகளைத் திருப்பி இறக்குமாறு கட்டளையிடுதல் எளிய செயலன்று. வீரர் மனம் தளர்வர், படைத்தலைவர் முணுமுணுப்பர் என்பதை அறிந்தே அதனைச் செய்தார்.

பீரங்கிகள் மலைச்சரிவிற் குடைந்த குழிகளில் மறைக்கப்பட்டன. துவிச்சக்கரவண்டிகளிலும் தோள்களிலும் அரிசியும் வெடிமருந்தும் வந்தன. மார்ச் 13இல் தொடங்கிய முற்றுகை 56 நாள் நீடித்தது. பகைவர் பீரங்கிகளை அடக்கிவிடலாமென நம்பியிருந்த பிரெஞ்சுப் பீரங்கித் தலைவர் பிரோத், முற்றுகையின் முதல் நாட்களிலேயே தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மே 7இல் தளபதி தெ காஸ்திரி சிறைப்பட்டார். வென்றவர் பக்கத்திலும் மாண்டோர் பல்லாயிரவர். மனித உயிரை ஜியாப் தாராளமாகச் செலவிட்டார் என்னும் குற்றச்சாட்டு இன்றுமுண்டு. அதனை முற்றாக மறுத்தல் இயலாது. எனினும், ஜனவரியில் நிறுத்தியிராவிடின் அழிவு எத்தகையதாயிருக்கும் என்பதும் எண்ணற்பாலது.

1975இற் சைகோனைக் கைப்பற்றிய படையை நேரில் நடத்தியவர் வான் தியன் சுங். ஜியாப் 1980இற் பாதுகாப்பு அமைச்சினின்றும் நீங்கினார். பின்னர்க் குடும்பக் கட்டுப்பாட்டுக்குரிய ஆணைக்குழுவின் தலைமை அவருக்கு அளிக்கப்பட்டது. இது புகழ்பெற்ற சேனாதிபதிக்கு இழைத்த அவமதிப்பெனப் பலர் கருதினர். அவர் வெளிப்படையாக முறையிடவில்லை. ஆனால் 2009இல், மத்திய மேட்டுநிலத்திற் பொக்சைற்று அகழும் திட்டத்தை எதிர்த்து அரசுக்குக் கடிதம் எழுதினார். 2013 ஒக்டோபர் 4இல், 102ஆம் வயதிற் காலமானார். ஹனோயிலன்றி, பிறந்த மாகாணத்தின் கடலோரக் குன்றொன்றில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது.