பாலாற்றைக் கடந்தால் மாறும் மலையேற்ற விதிகள்: வழிகாட்டி மட்டும் போதுமா?

பாலாறு: மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கர்நாடக மாநிலம் தொடங்குகிறது. வேலூர் வழியாக ஓடும் பாலாறு அல்ல இது. எல்லையோர மலைக்காடுகளிலிருந்து இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் காவிரியுடன் கலக்கும் சிற்றாறு. ஒருகாலத்தில் மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு சாமராஜநகர் மாவட்டத்தின் கீழ் வருகிறது.

1993 ஏப்ரல் 9 அன்று இங்கு வீரப்பன் கும்பல் நடத்திய கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் பல ஆண்டுகள் பாலாறு என்ற பெயரே அச்சத்தை ஏற்படுத்தியது. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே நிலைமை மாறியது. இன்று சனி, ஞாயிறுகளில் இந்தச் சோதனைச் சாவடியைக் கடப்போரில் மாதேஸ்வரனைத் தரிசிக்க வரும் பக்தர்களுடன், முதுகுப் பையும் நடைக்கோலுமாக வரும் இளைஞர்களும் உண்டு. அவர்களில் பலரின் இலக்கு, கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் உள்ள நாகமலை. படமெடுத்த பாம்பின் வடிவில் நிற்கும் பாறையும் அதன் அடியில் உள்ள லிங்கமும் அவர்களை ஈர்க்கின்றன.

'வழிகாட்டியுடன் இரண்டு நாள் மலையேற்றம்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுவோர் பெரும்பாலும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தடத்தில், அந்த நாளில் நடப்பதற்கு வனத்துறையின் அனுமதி இருக்கிறதா என்பதே அது. வழிகாட்டி உடன் வருவதும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல.

ஒரே காடு, இரு நடைமுறைகள்

யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. ஆற்றின் இக்கரையில் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் காடுகள். அக்கரையில் 2013இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயம். இரண்டும் தொடர்ச்சியான ஒரே காடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இரு கரைகளுக்கும் பொதுவானது. அச்சட்டத்தின் 27ஆவது பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது; 28ஆவது பிரிவு சுற்றுலா, ஆய்வு, புகைப்படம் உள்ளிட்ட காரணங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை வனத்துறைக்குத் தருகிறது.

ஆனால் அனுமதி வழங்கும் முறையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுத்துக்கொண்டுள்ளது. தமிழகத்தில் 2018ஆம் ஆண்டின் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் நடைமுறையில் உள்ளன. 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களின் 40 தடங்களுக்கு இணையவழியில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடியின இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவார்கள். கர்நாடகத்தில் 2024 அக்டோபர் முதல் 'அரண்ய விஹாரா' என்ற வனத்துறை இணையதளம் இதே பணியைச் செய்கிறது. ஒன்றில் பெற்ற சீட்டு மற்றொன்றில் செல்லாது. சேலத்திலிருந்து புறப்படும் குழு, தமிழக அனுமதியைக் காட்டிப் பாலாற்றுக்கு அப்பால் காட்டுக்குள் நுழைய முடியாது.

குரங்கணி கற்பித்தது

இந்த விதிகளை வெறும் காகிதச் சடங்கு என்று அலுத்துக்கொள்வோர் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே கொழுக்குமலைப் பகுதியில் நடந்துகொண்டிருந்த இரு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவும் வந்திருந்தன. பெண்கள் பலர் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிய அனுமதியின்றி அவர்கள் சென்றிருந்ததாக அப்போதைய மாநில அரசு தெரிவித்தது.

அந்தக் குழுக்களிலும் முன்னின்று அழைத்துச் சென்றவர்கள் இருந்தார்கள். உடன் ஆளில்லாமல் யாரும் போகவில்லை. எந்தத் தடத்தில், எந்தப் பருவத்தில் போனார்கள் என்பதுதான் கேள்வியாக நின்றது.

கோடையில் மலைச்சரிவின் புல் காய்ந்து பழுத்துவிடும். அங்கே தீ பற்றினால் வெப்பக் காற்று மேல்நோக்கி எழுந்து, மேலே உள்ள புல்லைத் தீ எட்டும் முன்பே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. அதனால் சமவெளியில் மெல்லப் பரவும் தீ, சரிவில் மனிதர் ஏறும் வேகத்தை எளிதில் மிஞ்சும். தீயைக் கண்டு உச்சியை நோக்கி ஓடுவது இயல்பான உந்துதல். மிக ஆபத்தானதும் அதுவே. புல் ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், வெறும் பாறைத் திட்டு, ஓடைப் படுகை ஆகியவை எங்கே இருக்கின்றன என்பது அந்தக் காட்டில் வளர்ந்தவருக்கே உடனே நினைவுக்கு வரும். நகரத்திலிருந்து கைபேசி வரைபடத்துடன் வரும் ஒருங்கிணைப்பாளரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

தமிழகத்தில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவமாகக் கருதப்பட்டு மலையேற்றத் தடங்கள் மூடப்படுவது இதனால்தான். பள்ளித் தேர்வுகள் முடிந்து குடும்பங்கள் வெளியே கிளம்ப நினைக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே என்பதால் இந்த விதி பலருக்குக் கசக்கிறது. பாலாற்றுப் பகுதியின் வறண்ட இலையுதிர் காடுகளுக்கும் இதே அபாயம் உண்டு. அத்துடன், ஓடைகள் வற்றும் மாதங்களில் யானைகள் எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி இறங்குகின்றன. மனிதர் இளைப்பாற விரும்பும் நிழலும் தண்ணீரும் உள்ள இடங்களும் அவைதாம்.

கூட்டமும் கிராமமும்

கர்நாடகத்தைக் கடுமையான நடவடிக்கைக்குத் தூண்டியது தீயல்ல, கூட்டம். 2024 குடியரசு நாள் விடுமுறையில், 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திரண்டனர். அதையடுத்து, இணையவழி முன்பதிவு இல்லாத தடங்களில் மலையேற்றத்தை நிறுத்துமாறு மாநில வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். நாகமலையும் அந்த உத்தரவுக்குத் தப்பவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாகமலைக்குப் போகும் வழியில் உள்ள இண்டிகநத்தம் போன்ற மலைக்கிராமங்களுக்கு, வந்துபோகும் பயணிகள் ஒரு வருமான வழி. அதே இண்டிகநத்தத்தில், சாலை, குடிநீர் போன்ற அடிப்படை வசதிகள் இல்லை என்ற நெடுநாள் மனக்குறை 2024 ஏப்ரல் 26 மக்களவைத் தேர்தல் நாளில் வெடித்தது. வாக்குப்பதிவு எந்திரம் உடைக்கப்பட்டது. ஏப்ரல் 29 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. தடத்தை மூடுவது எளிது. அதை அளவோடு திறந்து, வழிகாட்டி வேலையையும் கட்டணத்தில் ஒரு பங்கையும் அந்தக் கிராமங்களுக்கே கிடைக்கச் செய்வதுதான் கடினமான வேலை.

கிரேக்கத்தின் கிரீட் தீவில் உள்ள சமாரியா பள்ளத்தாக்கை இங்கு ஒப்பிடலாம். சுமார் 16 கிலோமீட்டர் நடை கொண்ட அந்தத் தடம் பொதுவாக மே முதல் அக்டோபர் வரை மட்டுமே திறந்திருக்கும். கடும் வெப்பமோ மழையோ இருந்தால் அந்த நாட்களிலும் மூடப்படும். நுழையும்போது வாங்கிய சீட்டை வெளியேறும் வாயிலிலும் காட்ட வேண்டும்; மாலையில் உள்ளே யாரும் சிக்கிக்கொண்டிருக்கிறார்களா என்று அறிய அது உதவுகிறது. அதிகம் செலவில்லாத ஏற்பாடு. நம் சோதனைச் சாவடிகளிலும் செய்யக்கூடியது.

பணம் கட்டும் முன்

வார இறுதிப் பயணத்துக்கு அழைப்பவரிடம், வனத்துறை வழங்கிய அனுமதிச் சீட்டைக் காட்டுமாறு கேட்பது பயணியின் உரிமை. அதில் தடத்தின் பெயர், தேதி, தங்கள் பெயர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒரு தடத்துக்கான அனுமதி பக்கத்துத் தடத்துக்குப் பொருந்தாது. உடன் வரும் வழிகாட்டி வனத்துறையால் ஏற்கப்பட்ட உள்ளூர்க்காரரா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பதிலாக வந்தால், அந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைந்தால் சட்டப்படி வழக்கைச் சந்திப்பவர் ஏற்பாட்டாளர் மட்டும் அல்லர், நடந்து சென்றவரும்தான்.

தீ அபாயம், யானை நடமாட்டம், கனமழை ஆகியவற்றைப் பொறுத்துத் தடங்கள் திடீரென மூடப்படுவதுண்டு. எனவே முன்பதிவு செய்திருந்தாலும் புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தந்த மாநில வனத்துறையின் இணையதளத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பாலாற்றுச் சாவடியை அடைந்த பிறகு கைபேசியில் தேடிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். காட்டுச் சாலையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை.