தப்பு தட்டில் இல்லை

தினமும் நடை, எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தடை. அப்படியும் கொலஸ்ட்ரால் இறங்க மறுக்கிறதா? குற்றவாளி சாப்பாட்டுத் தட்டில் இல்லாமல் இருக்கலாம். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது உடலேதான். ரத்தத்தில் உள்ள கெட்ட கொலஸ்ட்ராலை (எல்டிஎல்) இழுத்துக்கொள்வது கல்லீரல் செல்களின் ‘ஏற்பிகள்’. இதைக் கண்டறிந்த அமெரிக்கர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரைக் கோளாறால் ஏற்பிகள் பழுதானால் கொலஸ்ட்ரால் தேங்கி, இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். எல்டிஎல் 190 மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், ஸ்டீராய்டு மருந்துகளும் காரணமாகலாம். பரம்பரைக் கோளாறு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு. பிள்ளை ஒல்லி என்று விட்டுவிட முடியாது. அதற்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். நடையும் பத்தியமும் வீணல்ல. ஆனால் இந்தக் குடும்பங்களுக்கு மாத்திரையும் வேண்டும்.